ஷேக்கரில் மிச்சம்

ஜூலை 28

அம்மா வியாழக்கிழமை வருகிறாள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். பாண்டிச்சேரியில்தான் செய்துகொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வத்தலக்குண்டிலிருந்து மதுரை எட்டிப் பிடிக்கிற தூரம். அங்கே இல்லாத கண் டாக்டரா? போனில் கேட்டேன். "அங்கன எனக்கு யாரு இருக்கா? நீ பாண்டிச்சேரியிலல்ல இருக்க" என்றாள். அதற்குமேல் அவளிடம் வாயைக் கொடுக்க முடியாது.

அறையைச் சுத்தம் செய்தேன். பழகிப் பார்ப்பதற்காக வைத்திருந்த ஜின், ரம் குப்பிகளைக் கீழ்வீட்டு பிலோமினா அக்காவிடம் ஒப்படைத்தேன். அக்கா எங்கள் ஓட்டலில் கேப்டன், மேசைகளைக் கவனிப்பவர். முத்தியால்பேட்டையில் இந்த மாடி அறையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். "அம்மாவுக்கு நீ பார்ல இருக்கறது இன்னும் தெரியாதா தம்பி?" என்றார். தெரியாது. ஓட்டல் அடுக்களையில் ஜூஸ் பிரிவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. எலுமிச்சை பிழிகிறேன் அல்லவா?

காலிக் குப்பிகள் நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தன. பழைய பேப்பர்காரன் மூட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது அவனுக்கு.

ஜூலை 30

தாவீது சாருக்குப் புது யோசனை பிறந்திருக்கிறது. பிரான்சில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்து ஓட்டல் வைத்த மனிதர். அவருக்கு யோசனை வந்தால் எனக்கு வேலை வரும். ஏழு பழைய காக்டெய்ல், ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த கதை. ஆகஸ்ட் பதினேழாம் தேதி சனிக்கிழமை தொடக்கம். கிளாசை வைத்தால் மட்டும் போதாது, கதையையும் நானே சொல்ல வேண்டும்.

"மணி, ருசி எல்லா பார்லயும் கெடைக்கும். கதை நம்மகிட்டதான் கெடைக்கணும்" என்றார். என் முழுப்பெயர் தவமணி. அதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

கதைகளைப் படித்தேன். ஒன்றுக்கும் உருப்படியான பிறப்புச் சான்றிதழ் கிடையாது. டாய்க்கிரி, கியூபாவில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் அமெரிக்க எஞ்சினியருடையது என்கிறார்கள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், ஜின் தீர்ந்துபோனது, கைக்குக் கிடைத்த ரம்மை ஊற்றிவிட்டான். நெக்ரோனி, இத்தாலியில் ஒரு பிரபு 'சோடாவை எடுத்துவிட்டு ஜின்னை ஊற்று' என்று கேட்டதால் வந்ததாம். ஓல்டு ஃபேஷண்ட் என்பது பெயரே இல்லை, புகார். கலக்குகிறவர்கள் கண்டதையும் சேர்க்க ஆரம்பித்தபோது 'பழைய மாதிரியே கொடுப்பா' என்று சலித்துக்கொண்டவர்கள் வைத்தது. மார்கரிட்டாவுக்கு ஏழெட்டுத் தகப்பன்கள், ஆளாளுக்கு என் பிள்ளை என்கிறார்கள். பஞ்ச் மட்டும் நம் பக்கத்துச் சரக்கு. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சேர்வதால், ஐந்தைக் குறிக்கும் இந்தி 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர், கப்பல்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோனார்கள் என்று பலர் சொல்கிறார்கள். அதையும் மறுக்கிறவர்கள் உண்டு.

ஏழையும் இன்று கலக்கிப் பார்த்தேன். கிளாசில் ஊற்றியபின், குலுக்குகிற குவளையான ஷேக்கரில் ஐஸோடு கொஞ்சம் தங்கும். அதைச் சுவைத்துப் பார்ப்பது தொழில் வழக்கம். ஸ்ட்ராவை முக்கி ஒரு சொட்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு சொட்டில் ஒன்றும் பிடிபடாது. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டவும் மனசு வராது.

ஆகஸ்ட் 1

அம்மா வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் கன்னத்தைத் தொட்டாள், பிறகு முகத்துக்குக் கிட்டே வந்து முகர்ந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்படித்தான் செய்வாள்.

"என்னய்யா இப்படி ஊதிப்போயிருக்க, முகமெல்லாம்?"

"தூக்கம் பத்தலம்மா."

"ம்" என்றாள். அவளுடைய 'ம்' எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 2

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மந்திரி மாதிரி வெளியே வந்தாள். சொட்டு மருந்து நான்தான் விட வேண்டும்.

ஆகஸ்ட் 4

காலையில் சொட்டு மருந்து. ஒரே சொட்டு, கண்ணுக்குள் நேராக. அளவுக் குவளை இல்லாமல் முப்பது மில்லி ஊற்றுகிற கை இது, சும்மாவா.

கதைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். படுத்திருந்தவள், "என்னடா முணுமுணுங்கிற?" என்றாள். ஓட்டலில் வருகிறவர்களுக்குப் பழைய சர்பத் கதைகள் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லு கேப்போம் என்றாள்.

கிம்லெட்டில் ஆரம்பித்தேன், ஜின்னும் எலுமிச்சையும் சேர்ந்தது. "அந்தக் காலத்துல கப்பல்ல போறவங்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வருமாம்மா. அதுக்கு மருந்தா எலுமிச்சைச் சாறு குடுத்தாங்க. வெறும் சாறு இறங்கலன்னு இன்னொண்ணு கலந்தாங்க."

"இன்னொண்ணுன்னா?"

"ஒரு காயோட சாறு. வெளிநாட்டுக் காய்."

அடுத்தது ஜின் டானிக். வெள்ளைக்காரனுக்கு நம் ஊரில் குளிர்க்காய்ச்சல், சிங்கோனாப் பட்டை மருந்து, தாங்க முடியாத கசப்பு, கசப்பு தெரியாமலிருக்க அதே காய்ச்சாறு. சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. இந்தக் கதைகளில் பாதி மருந்தில்தான் ஆரம்பிக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதை அவளிடமும் சொன்னேன்.

அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "உங்கப்பாவும் மேலு வலிக்குன்னுதான் ஆரம்பிச்சாரு" என்றாள்.

அப்பா மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கியவர். நான் பத்தாவது படிக்கும்போது போய்ச்சேர்ந்தார். கல்லீரல். இதை இப்போது எதற்கு எடுத்தாள் என்று தெரியவில்லை. நல்ல கதையைக் கெடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6

எட்டாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்று தாவீது சாரிடம் சொன்னேன். கார்ப்ஸ் ரிவைவர். பிணத்தை எழுப்புவது என்று பொருள். முந்தைய நாள் குடித்துவிட்டுப் பிணமாகக் கிடப்பவனைக் காலையில் எழுப்பி உட்கார வைக்கப் பிறந்தது. ஜின், எலுமிச்சை, ஆரஞ்சு மது, வெள்ளை ஒயின் வகை ஒன்று, சோம்பு வாசனைச் சரக்கில் ஒரு துளி.

பார் திறக்குமுன்பே போய்ச் செய்து பார்த்தேன். காலையில் குடிக்க வேண்டியதைக் காலையில் பரிசோதிப்பதுதானே முறை? விழித்ததிலிருந்து மண்டைக்குள் உளி வைத்துத் தட்டியதுபோல் இருந்த வலி சட்டென்று விட்டது. பழங்காலத்தவர்கள் விவரமானவர்கள்தான்.

தாவீது சார், "ஏழு போதும் மணி" என்றார். ரசனை கெட்ட மனிதர்.

ஆகஸ்ட் 7

பிணத்தை மறுபடி எழுப்பினேன். அளவு சரிபார்க்க.

ஆகஸ்ட் 8

மார்க்கெட்டிலிருந்து புதினா வாங்கி வந்து மாடிப்படி ஏறும்போது கீழ்வீட்டில் அம்மாவின் குரல். பிலோமினா அக்காவிடம் மறியல் கதையை அளந்துகொண்டிருந்தாள். ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மதுக்கடை வந்தபோது, அம்மா தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போது கேட்டரிங் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் படம் வந்தது. பையன்கள் காட்டிச் சிரித்தார்கள்.

"திட்டுனீங்களா, கல்லு கில்லு விட்டீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"என்னத்துக்கு வையணும்? ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல தாயி. வாங்க வர்ற ஆம்பள மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்துருப்போம். அண்ணந் தம்பி, கொழுந்தன், எவன் வந்தாலும் பாப்போம். பாத்தா எவனுக்கும் வாங்க முடியல. ஒரு ஐப்பசி கார்த்திகை முழுக்க மழையில உக்காந்தோம். வேவாரம் இல்லாம அவிங்களே பூட்டிட்டுப் போயிட்டாய்ங்க."

சத்தம் போடாமல் மேலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9

சொட்டு மருந்து இரண்டு முறை கன்னத்தில் விழுந்தது. குப்பியின் மூக்கு சரியில்லை. கடையில் மாற்றிக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

ஒத்திகையில் நெக்ரோனியை வைத்துவிட்டு டாய்க்கிரி கதையைச் சொல்லிவிட்டேன். இத்தாலிப் பிரபு கியூபாவில் இரும்பு வெட்டினான். தாவீது சார் சிரிக்கவில்லை. ஒரு கிளாசும் உடைந்தது. ஐஸில் புழங்குகிற கை விறைத்துத்தான் போகும், இதுகூடத் தெரியாமல் ஓட்டல் நடத்துகிறார். "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கறியா?" என்றார். எடுக்க மாட்டேன். லீவு எடுத்து வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தால் பிலோமினா அக்கா மாடியில் அம்மாவுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் அவரே விடுவாராம், அம்மாதான் கேட்டாளாம். பெற்ற பிள்ளை நான் எதற்கு இருக்கிறேன்? கேட்டேன்.

"ஒனக்கு வேல சாஸ்திய்யா" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 12

எழுந்ததும் நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். திரும்பினால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், கறுப்புக் கண்ணாடி வழியாக. "உங்கப்பாவும் இப்பிடித்தான், மூச்சு விடாமக் குடிப்பாரு" என்றாள். ஆகஸ்ட் மாதப் பாண்டிச்சேரியில் புழுங்கிச் சாகிறோம். மனிதன் தண்ணீர் குடித்தாலும் குற்றமா?

எரிந்து விழுந்தேன். அவள் திரும்பி அடுப்பைப் பற்றவைத்தாள். தோசை ஊற்றினாள். ஒன்றுக்குமேல் உள்ளே இறங்கவில்லை.

ஆகஸ்ட் 14

நாளைக்கு டிரை டே. சுதந்திர தினம், பார் பூட்டு. ஓல்டு ஃபேஷண்டுக்காக ஆரஞ்சுத் தோல் போட்டு ஊறவைத்த விஸ்கியைத் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். ஊறுகிற பக்குவத்தை ஒருநாள்கூட விடாமல் கவனிக்க வேண்டும். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் எழும்போதே உடம்பு சரியில்லை. வேர்வை, குமட்டல், பனியன் நனைந்துவிட்டது. தெருவில் கொடியேற்றிப் பிள்ளைகள் கத்தியது காதைக் குத்தியது. அம்மா குளிக்கப் போன சமயம் பார்த்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டேன். பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து வாயில் கவிழ்த்தேன்.

பச்சைத் தண்ணீர்.

திரும்பினேன். அம்மா குளிக்கப் போகவில்லை. துண்டைத் தோளில் போட்டபடி கதவோரம் நின்றிருந்தாள்.

"நல்லாக் கழுவித்தான் புடிச்சு வச்சேன். குடி" என்றாள்.

"அது ஓட்டல் சாமான்ம்மா! வேலைக்கு வேணும்! உன்ன யாரு தொடச் சொன்னது?" கத்தினேன். கையில் பாட்டில் ஆடியதில் தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது. காய்ச்சல் அடிக்கிறது, அதனால்தான் கை நடுங்குகிறது என்றேன். அவள் வந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"சில்லுன்னு இருக்குடா."

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது. ஆமாம், பாரில்தான் வேலை, ஜூஸ் கீஸ் எல்லாம் பொய், நீ கடை வாசலில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்லப் பயந்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அழுகை வந்தது. மனசில் கிடந்த பாரம் இறங்கிவிட்டதாகக்கூட நினைத்தேன்.

அம்மாவின் முகம் மாறவே இல்லை.

"அது எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். எதுத்த வீட்டு பொன்னுத்தாயி மக போன்ல காட்டுனா. குப்பிய மேல தூக்கிப் போட்டுப் புடிக்கிற, சுத்தி நின்னு கை தட்டுறாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. எம்புள்ளைக்கு என்ன லாவகம்னு நானே ரெண்டு தடவ பாத்தேன்."

"பெறகென்னம்மா?"

"நீ ஊத்திக் குடுக்குறது எனக்குத் தெரியும் சாமி. நீ குடிக்கிறது ஒனக்குத் தெரியுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். கடற்கரை வரை நடந்தேன். திறந்திருக்கும் கடை ஒன்றுகூட இல்லை. தேடவில்லை, வழியில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 16

நான் குடிகாரன் இல்லை. தெருவில் விழுந்து கிடந்திருக்கிறேனா? யாரையாவது அடித்திருக்கிறேனா? சம்பளத்தைத் தொலைத்திருக்கிறேனா? அப்பா செய்த எதையும் நான் செய்ததில்லை. சுவை பார்க்கிறேன். சமையல்காரன் குழம்பைச் சுவை பார்ப்பதில்லையா? அவன் நாக்கு தொழில் செய்கிறது என்கிறார்கள், என் நாக்கு தொழில் செய்தால் குடிகாரன்.

கண் ஆபரேஷனுக்கு வந்தவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதானே. இவள் கண்ணுக்காக வரவேயில்லை. மதுரையை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தாள் என்று இப்போது புரிகிறது. மகன் மூஞ்சியைப் பார்க்க வந்திருக்கிறாள். போன் படத்தில் எதைக் கண்டாளோ.

மத்தியானம் பாரில் கால் வைத்ததும் முதல் வேலையாக ஒரு கிம்லெட் கலக்கினேன். யாரும் கேட்கவில்லை. ஊற்றக் கிளாஸ்கூட எடுக்கவில்லை. ஷேக்கரோடு தூக்கிக் குடித்தேன். நடுக்கம் நின்றது.

மிச்சம் என்று இதுநாள்வரை எழுதி வந்தேன். இன்று எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 18, காலை

நேற்றுத் தொடக்கம். பார் நிறைந்துவிட்டது. தாவீது சார் வெள்ளைக் கோட்டும் ரோஜாப்பூவுமாக மாப்பிள்ளை கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் முந்தின நாள் கிம்லெட்டுக்குப் பிறகு எதையும் தொட்டிருக்கவில்லை. அம்மாவிடம் காட்டுவதற்காக ஒரு வீம்பு. விருந்து ஆரம்பிக்குமுன் ஒரே ஒரு வாய், அது தொழிலுக்கு என்று முடிவு செய்து ஷேக்கரில் கை வைத்தேன். வாசல் கதவு திறந்தது.

பிலோமினா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். மாம்பழக் கலர் சுங்குடிச் சேலை, கறுப்புக் கண்ணாடி. ஒரு நிமிஷம் நின்று குப்பிகள் அடுக்கிய சுவரைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். பிறகு நேராகக் கவுண்டருக்கு வந்து, என் எதிரே இருந்த உயரமான ஸ்டூலில் அக்கா தாங்கிப் பிடிக்க ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஷேக்கரிலிருந்து கையை எடுத்தேன். அந்த உட்காரல் எனக்குத் தெரியும். பேப்பரில் பார்த்திருக்கிறேன்.

"உங்கம்மாவா? சொல்லவே இல்லையே மணி!" தாவீது சார் ஓடி வந்து கும்பிட்டார். "என்ன சாப்பிடறீங்கம்மா?"

"ஒண்ணும் வேணாங்கய்யா. சும்மா உக்காந்துருக்கேன்."

மகன் வேலை செய்வதைப் பார்க்கிற ஆசை என்று அவர் எடுத்துக்கொண்டார். வேலை ஆரம்பித்தது. முதலில் டாய்க்கிரி, மூன்றாம் மேசைக்கு. குலுக்கினேன், ஊற்றினேன், கதை சொன்னேன். திரும்பி வந்தால் ஷேக்கரில் ஐஸோடு கொஞ்சம் மிச்சம். எடுத்தேன். அம்மா பார்த்தாள். தொட்டியில் கொட்டினேன். அடுத்தது மார்கரிட்டா. கொட்டினேன். கிம்லெட். அதைக் கொட்டும்போது வாய் ஊறியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணிலும் ஊறியது.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, முறைக்கவும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கண்ணாடிகளில் நான் இரண்டாகத் தெரிந்தேன். ஊரில் அந்த ஆண்கள் ஏன் வாங்காமல் திரும்பிப் போனார்கள் என்று புரிந்தது. அடித்து விரட்டியிருந்தால் வீம்புக்காவது வாங்கியிருப்பார்கள்.

நேரம் போகப் போக உடம்பு காட்டிக் கொடுத்தது. ஓல்டு ஃபேஷண்டைக் கிளறும்போது கரண்டி கிளாசில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டது. பிலோமினா அக்கா அதை வாங்கித் தானே கிளறி எடுத்துப் போனார்.

கவுண்டரின் மறுமுனையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். ஜின் டானிக் கதை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. மருந்தாக ஆரம்பித்தது என்றதும் மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, நானும் மருந்துன்னுதான சொல்றேன்" என்று சிரித்தார். பிறகு என்னிடம், "தம்பி, கதை அருமைங்க. உங்களுக்கும் ஒண்ணு ஊத்திக்கோங்க, என் கணக்குல" என்றார்.

இது எங்கள் தொழிலில் கிடைக்கிற மரியாதை. மறுப்பது அழகல்ல. 'டியூட்டியில குடிக்கறதில்ல சார், அப்புறம் எடுத்துக்கறேன்' என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து போனதும் எடுத்துக்கொள்வேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

"வேணாங்க சார்."

"அட, ஒண்ணே ஒண்ணுங்க. ஏன், குடிக்க மாட்டீங்களா?"

அந்தப் பழைய பதில் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. முதல்முறையாகக் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நான் என்ன பொய் சொன்னாலும் காதில் விழாததுபோல் இருந்துவிடுவாள், அப்பாவோடு இருபது வருஷம் அப்படித்தான் இருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

"குடிப்பேன் சார்" என்றேன். "நெறையக் குடிப்பேன். காலைலயும் குடிப்பேன். அதனாலதான் வேணாம்."

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அவர் மனைவி கிளாசைக் கீழே வைத்தார். பின்னால் நின்றிருந்த தாவீது சாரின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்துபோயிருந்தது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் கை அடுத்த ஆர்டருக்கு எலுமிச்சையை எடுத்துவிட்டது, வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

கடைசி மேசை எழுந்து போனபிறகு தாவீது சார் வந்தார். என் கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நாளைக்கு வா மணி. பேசுவோம்" என்றார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று குரலில் தெரியவில்லை.

அம்மா இன்னும் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கட தொறப்பீக?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஆறு மணிக்கும்மா."

"சரிங்கய்யா. இம்புட்டு ஒசரம் வேணாம், இதவிடக் குட்டையா ஒண்ணு எடுத்துப் போட்டு வைங்க. தெனமும் கட பூட்டுற மட்டும் உக்காரணும், காலு தொங்குது."